மேய்ச்சல் நிலமும் அதில் வாழ்ந்தோரும்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கிறது பாயிண்ட் ரேயஸ் தீபகற்பம். இதனைத் தேசியக் கடற்கரைப் பூங்காவாக்கும் சட்டம் 1962-இல் இயற்றப்பட்டது. காட்டோடும் கரையோடும் நூறாண்டுப் பால்பண்ணைகளையும் உள்ளடக்கிய பூங்கா இது.

நாங்கள் குடும்பத்துடன் பார்க்கச் சென்றது பியர்ஸ் பாயிண்ட் பண்ணை. 1858-இல் தொடங்கி 1973 வரை இயங்கியது. அக்காலத்தில் இத்தீபகற்பத்தின் வெண்ணெய் பாய்மரக் கப்பலேறிச் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றது. வெண்ணிறக் கொட்டகைகள், பால்கூடம், சிறு பள்ளிக்கூடம் யாவும் பழுதுபார்க்கப்பட்டு நிற்கின்றன. சாண வாடை மட்டும் இல்லை. காற்றைத் தடுக்க அன்று நட்ட சைப்ரஸ் மரங்களின் நிழலில் லுஹர் தொழுதோம். விரிப்பின் நான்கு மூலைகளிலும் கல் வைக்க வேண்டியிருந்தது, அப்படியொரு காற்று!

அம்முனையிலேயே, வேட்டையால் அற்றுப்போயிருந்த டூலி எல்க் மான்கள் பத்தினை 1978-இல் கொண்டுவந்து விட்டார்கள். பண்ணை மாடுகளிடமிருந்து அவற்றைப் பிரிக்க வேலி இட்டார்கள். 2012-க்குப் பின் வந்த வறட்சியில் வேலிக்குள்ளிருந்த மான்களில் ஏறத்தாழப் பாதி குறைந்துபோயின. அவ்வேலியை அகற்றும் பணி 2024 டிசம்பரில் தொடங்கியது. அது நியாயமே என்பது எங்கள் கருத்து. பண்ணைகளுக்கு முன்பே இம்மண் கோஸ்ட் மிவோக் மக்களுடையது என்பதையும் மறப்பதற்கில்லை.

எங்கள் மனம் ஒப்பாதது வேறொன்று. 2025 ஜனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 12 பண்ணைகள் 15 மாதங்களில் மூடப்பட வேண்டும். பண்ணையார்களுக்கு இழப்பீடு உண்டு. மேய்ச்சல் அறவே நின்றால் புல்வெளியைப் புதர் மூடிவிடும் என்பதால், சில இடங்களில் மாடுகளை மேயவிடவும் திட்டம் உண்டு. பண்ணை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களுக்கோ வேலையும் கூரையும் ஒருசேரப் போகின்றன.

மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிக் காப்பது நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்னுமிடத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவர்களை உள்ளே விடும்படி கட்டளையிட்டார்கள். செல்வர்களின் மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையோ பிள்ளைகளுடன் வாசலில் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

பாயிண்ட் ரேயஸ் உடன்படிக்கையில் சூழலியல் அமைப்புகள் ஒரு தரப்பு, பூங்கா நிர்வாகம் ஒரு தரப்பு, பண்ணையார்கள் ஒரு தரப்பு. கூலிக்குப் பால் கறந்தவர்கள் அதில் எந்தத் தரப்பாகவும் இல்லை.