கோணி ஊசியும் பழுப்புக் குருவியும்

மார்ச் 9, ஞாயிறு

மெட்ரோவின் கடைசி நிறுத்தமான வெஸ்ட்அமாகரில் இறங்கினால் கோபன்ஹேகன் சட்டென்று முடிந்துவிடுகிறது. கண்ணாடி அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒரே பொட்டல்வெளி. ஏறத்தாழ 2000 ஹெக்டேர். ஒரு காலத்தில் கடலடி. இரண்டாம் உலகப்போர்ச் சமயத்தில் வேலையில்லாதவர்களை வைத்து அணை போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். பிறகு பல வருஷம் ராணுவம் இங்கே சுட்டுப் பழகியது. துப்பாக்கிக்குப் பயந்து ஆட்கள் வராததால் பறவைகள் வந்து தங்கிக்கொண்டன.

காற்று காதை அறுக்கிறது. புல்வெளிக்கு மேலே ஓர் ஆள்காட்டி குப்புற விழுவதுபோல் விழுந்து, தரையைத் தொடுமுன் எழும்பியது. தலையில் கொண்டை. இங்கே 'வீபெ' என்பார்கள். இது வந்துவிட்டால் வசந்தம் வந்த கணக்கு; என் கையுறைக்குத்தான் அந்தக் கணக்கு புரியவில்லை.

அம்மா வேதாரண்யத்திலிருந்து பேசினார். "கோடியக்கரையில பூநாரை இன்னும் போகலயாம்டா."

மார்ச் 30, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய நாள். தூக்கம் போனதுதான் மிச்சம். வழியில் வேலிக்கம்பத்தில் நாலைந்து ஸ்டார்லிங். நம் மைனாவின் பங்காளி. உடம்பெல்லாம் பாசிமணி தெளித்த மினுக்கம், வாயில் ஊரார் குரலெல்லாம். இந்தக் குருவிக்கு உலகம் ஒரு கடன் பட்டிருக்கிறது. வீபோர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன், 1899இல் இதன் காலில்தான் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டினார். அதற்கு முன் துத்தநாகத்தில் செய்து பார்த்து, கனம் தாங்காதென்று விட்டிருந்தார். அலுமினியம் நின்றது. பறவைக்கு வளையம் போட்டு வழி அறியும் முறை அங்கிருந்து உலகெங்கும் போயிற்று.

சின்ன வயதில் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் உள்ளான் காலில் வளையம் மாட்டுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அதன் மூலம் டென்மார்க்கின் ஒரு வாத்தியார் என்று அப்போது யார் சொன்னார்கள்? டேனிஷ்காரர் என்றால் எங்களுக்குத் தரங்கம்பாடிக் கோட்டை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

க்ளூதே ஏரி. 'க்ளூதே' என்றால் கோணமூக்கு உள்ளான். ஏரிக்கே அதன் பேர். கூடு கட்டும் பகுதிக்குள் யாரும் போக முடியாது, அணைமேல் நின்றுதான் பார்க்க வேண்டும். நின்றேன், இரண்டு மணி நேரம்.

வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடுகள், நீலம் கலந்த சாம்பல் கால். அலகு மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். உப்பளத்தில் மூட்டை தைக்கிற கோணி ஊசியேதான்! அந்த ஊசியைச் சேற்றுநீரில் இடவலமாக வீசி வீசி நடக்கிறது, வாசல் பெருக்குகிற மாதிரி. கண் தேடுவதில்லை, அலகுதான் தேடுகிறது. தட்டுப்பட்டதும் தலை ஒரு வெட்டு வெட்டும். இரை உள்ளே போயிருக்கும். காகம் ஒன்று தாழப் பறந்தது. அவ்வளவு நேரம் நாட்டியக்காரி மாதிரி இருந்தவை நாலும் சேர்ந்து சந்தைச் சண்டைக்காரிகளாகிவிட்டன. காகம் ஏரி தாண்டும்வரை விரட்டல்.

பக்கத்தில் முக்காலியில் தொலைநோக்கி வைத்திருந்த கிழவரிடம், இதே பறவையை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "இதே இனத்தை" என்று திருத்தினார். இங்குள்ளவை குளிருக்கு பிரான்ஸ், ஸ்பெயின், மேற்கு ஆப்பிரிக்கா என்று போகிறவை. கோடியக்கரைக்கு வருபவை மத்திய ஆசியா வழி வருபவை. இரண்டும் வேறு பாதை. என் முகம் வாடியதைப் பார்த்திருப்பார். "இந்தியாவுக்குப் போகிற ஒன்றும் இங்கே உண்டு. மே கடைசியில் வா" என்றார்.

மே 10, சனி

மழை. பிர்ச் மரப்புதரில் ஒரு நைட்டிங்கேல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதைப் பாட்டு என்று ஆண்டர்சன் கதையைப் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்குச் சோளப்பொரி பொரிகிற சத்தம். கிழவரைக் காணோம்.

மே 29, வியாழன்

இயேசு விண்ணேற்ற விடுமுறை. ஏரியை விட்டுவிட்டு, கிழவரும் நானும் பின்ஸெஸ்கோவென் காட்டுக்குப் போனோம். யாரும் நடாமல் கடலடி மண்ணில் தானாக முளைத்த பிர்ச் காடு. கிழவர் விரலை உயர்த்தினார்.

நாலே சுரம், கடைசி மேலேறி நிற்கிறது. வந்-துட்-டீ-யா? கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி, வந்-துட்-டீ-யா?

கார்மின்டோம்பாப். 1970களில் கிழக்கிலிருந்து பரவி வந்து இங்கே கூடு கட்டத் தொடங்கிய குருவி. கோடை முடியுமுன்பே மத்திய ஆசியா தாண்டி இந்தியாவுக்குத் திரும்பிவிடும். படத்தில் தலையும் மார்பும் மாதுளை முத்து நிறம். ஒற்றை வில்லோ உச்சியில் உட்கார்ந்திருந்ததோ பழுப்பாக, பெட்டைச் சிட்டுக்குருவி கணக்காக இருந்தது. போன வருஷம் பிறந்த ஆண் என்றார் கிழவர். சிவப்பு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்; பாட்டு அதுவரை காத்திருப்பதில்லை.

போனில் பதிந்து அம்மாவுக்கு அனுப்பினேன். அரைமணியில் பதில்: "நம்ம பக்கம் இந்தச் சத்தம் நான் கேட்டதே இல்லயேடா."

கிழவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "உங்கள் கடற்கரைக்கு அது வராது, மலைப்பக்கம்தான்" என்றார். தொலைநோக்கியின் மூடியைப் போட்டுக்கொண்டே, "அங்கே போனாலும் குளிர்காலம் அல்லவா? பாடாது."