சில விநாடி மௌனம்

கடந்த ஆண்டு ஓர் இரவு, நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. யுபிஎஸ் கைகொடுக்கவில்லை. ஜெனரேட்டர் கிளம்பும்வரை சில விநாடி மௌனம். வானொலியில் அது ஒரு யுகம்!

"ரூம்ல சூடு ஏறினா ஈய பேட்டரி சீக்கிரமே செத்துடும்மா," என்றார் எங்கள் பொறியாளர் அண்ணன். சில தரவு மையங்களில் பேட்டரிக்குப் பதிலாகக் கனமான சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் அந்தச் சுழற்சியின் வேகமே சுமார் 15 விநாடிக்கு மின்சாரம் தரும். நல்ல டீசல் ஜெனரேட்டர் 10 விநாடியில் கிளம்பிவிடும்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருடைய ஆக்சிஜன் இயந்திரமும் ஒரு யுபிஎஸ்ஸை நம்பித்தான் ஓடுகிறது. கிள்ளான் அடுக்குமாடி வீட்டில் சக்கரத்துக்கு எங்கே போவது? மறுநாளே, மின்சாரமே தேவைப்படாத ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டிலருகே நிறுத்தினேன். அதன் முள் எங்கே நிற்கிறது என்று அப்பாவே தினமும் பார்த்துச் சொல்கிறார்.