வற்றாத செம்பு

என் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நகையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. மூன்று மரச் செப்புகள், நாலைந்து துணிப் பந்துகள், ஒரு பித்தளைச் செம்பு, கள்ளத்தட்டு வைத்த சிறு மரப்பெட்டி ஒன்று. இவ்வளவுதான் என் சேகரிப்பு. “புருசனில்லாமல் பிள்ளையளை வளர்க்கிற பொம்பிளைக்கு மாஜிக் சாமான் என்னத்துக்கு?” என்று என்னைக் கேட்காதவர்கள் ஊரில் குறைவு. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன், சகோதரிகளே.

எங்கள் ஐயா கிளிநொச்சியில் தச்சுவேலை செய்தவர். பகலில் கதவு, யன்னல். இரவில் லாம்பு வெளிச்சத்தில் வித்தைச் சாமான். திருவிழாவிலும் பாடசாலைப் பரிசளிப்பிலும் அவற்றை வைத்து வித்தை காட்டுவார். ‘செப்படி வித்தை’ என்றால் இன்று நாங்கள் ஏமாற்று என்ற கருத்தில் பேசுகிறோம். ஆனால் செப்பு என்பது சிமிழ் போன்ற சிறு கிண்ணம். மூன்று செப்புகளைக் கவிழ்த்து, அடியிலுள்ள பந்துகளை இடம்மாற்றிக் காட்டும் பழைய வித்தை அது. இந்தியாவிலிருந்து போன ராமோ சாமி என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இதைச் செய்து பெரும் பெயர் எடுத்தார். அவர் 1850இல் அங்கே இறந்தபோது, அடக்கம் செய்யவே காசில்லாமல் மனைவி உதவி கேட்க வேண்டியிருந்தது.

செப்பைக் கடைவது இலேசான வேலையல்ல. மூன்றும் ஒரே பாரமாக இருக்க வேண்டும். மேலே உள்ள குமிழ் இரண்டு விரலுக்கிடையில் அமர வேண்டும். நிலத்தில் வைக்கும்போது மூன்றும் ஒரே சத்தம் தர வேண்டும். “சாமான் பிழைச்சா கை கெட்டியா இருந்தும் பிரயோசனமில்லை, பிள்ளை” என்பார் ஐயா. எனக்குப் பத்து வயதிலேயே பழக்கிவிட்டார்.

1996 இடப்பெயர்வில் பெட்டி உழவு இயந்திரத்தில் ஸ்கந்தபுரம் போய், பிறகு எங்களோடு திரும்பியும் வந்தது. 2008இல் அதைத் தூக்க ஆளில்லை. ஐயா அப்போது உயிரோடு இல்லை. உரப்பையில் சுற்றி வளவில் தாட்டுவிட்டு, மூன்று செப்புகளை மட்டும் மகனின் உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். 2009இல் மாத்தளனில் கணவரை இழந்தேன். அதற்குமேல் எழுத என் கைக்கு வரவில்லை. உங்களில் பலருக்கு அது தெரிந்த கதைதான்.

மெனிக் பாமில் ஒரு பின்னேரம், அழுத மகனைத் தேற்றச் செப்புகளை எடுத்தேன். பக்கத்துக் கூடாரப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். பந்தைக் கைக்குள் மறைத்து, வெறுங்கையை விரித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் சிரிக்கவில்லை.

“அன்ரி, காணாமல் போனதைத் திருப்பி எடுப்பீங்களோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப எங்கட அம்மாவை எடுத்துத் தாங்கோ.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. செப்புகளைப் பைக்குள் போட்டேன். அதன்பின் அவற்றை வெகுகாலம் தொடவில்லை.

மீள்குடியேறி வளவைத் துப்புரவாக்கியபோது, தாட்ட பெட்டி அகப்பட்டது. மரச் சாமான் எல்லாவற்றையும் கறையான் தின்றிருந்தது. செம்பு மட்டும் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தேன். முழுவதும் ஊற்றியாயிற்று. நிமிர்த்தி வைத்துச் சற்றுப் பொறுத்து மறுபடி கவிழ்த்தால், பிறகும் தண்ணீர் வந்தது! வங்காளத்து வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் உலகமெங்கும் காட்டிய வித்தை இது. செம்புக்கு இரட்டைச் சுவர் உண்டு. கழுத்தடியில் உள்ள சிறு துளையைப் பெருவிரலால் அடைத்தால் காற்றுப் புகாது. உள்ளறைத் தண்ணீர் இறங்காது. விரலை எடுத்தால் அது அடித்துளை வழியாக நடுவே ஊறிவிடும். பப்பாசி இலைத் தண்டைத் தண்ணீரில் அமிழ்த்தி, மேல் நுனியை விரலால் பொத்தித் தூக்கிப் பாருங்கள், விளங்கும்.

இந்த வித்தையில் ஒன்றும் காணாமல் போவதில்லை. முடிந்தது என்று நினைத்தது திரும்பி வருகிறது. அதனால் அன்றே செம்பைக் கையில் எடுத்தேன். பிறகு முதிரையில் புதுச் செப்புகள் கடைவித்தேன். யாழ்ப்பாணத்தில் இன்னொரு செம்பு செய்வித்தேன். முதல்தரம் ஒட்டு விட்டு ஒழுகியது, இரண்டாம்தரம் சரிவந்தது. தையல் காசில் மிச்சம் பிடித்துத்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இன்று முன்பள்ளிகளில் வித்தை காட்டுகிறேன்.

எனக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பிள்ளைகளுக்கு முன்னால் எதையும் மறையச் செய்வதில்லை. முடிவில், “இது மந்திரமில்லை, கைவேலையும் சாமானும்” என்று சொல்லிச் செம்பின் துளையைக் காட்டிவிடுவேன். வித்தைக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை மை போட்டுக் காட்டுவதாகச் சொன்னவர்களிடம் தோட்டைக் கழற்றிக் கொடுத்த தாய்மாரை நான் அறிவேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டது வித்தையல்ல, பதில். துளை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை நாளைக்கு ஏமாறாது.

அமெரிக்காவில் அடிலெய்ட் ஹெர்மன் என்ற பெண் இருந்தார். வித்தைக்காரரான கணவர் 1896 டிசம்பரில் திடீரென இறந்தார். அடுத்த மாதமே அவர் மேடையேறி, துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையைத் தானே செய்தார். 1926இல் களஞ்சியம் எரிந்து, சாமான்களும் வளர்த்த பிராணிகளும் அழிந்தன. அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தும், மிஞ்சியதை வைத்துக்கொண்டு மறுபடி மேடையேறினார்.

அவ்வளவு பெரிய ஆள் நானில்லை. கிழமைக்கு ஒருநாள் இருபது பிள்ளைகளுக்கு முன்னால் செம்பைக் கவிழ்க்கிறேன். அந்தச் சிறுமியை நான் பிறகு காணவில்லை, இப்போது வளர்ந்திருப்பாள். என்றாவது சந்தித்தால், “உன்ர அம்மாவை எடுத்துத்தர என்னால ஏலாது, பிள்ளை” என்று உண்மையைச் சொல்லி, செம்பை அவளிடமே கொடுத்து ஊற்றச் சொல்வேன்.