கல்லும் கொப்பியும்

வாப்பா பொட்டணி வியாபாரி. ஹப்புத்தளைத் தோட்ட லயங்களில் கடனுக்குப் புடவை கொடுப்பார். அந்நாட்களில் அடிசம் பங்களா அவருக்குத் தூரத்துப் புகைபோக்கிகள் மட்டுமே. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது. கென்ட்டிலுள்ள தன் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். 1960களில் பெனடிக்ட் சபையிடம் வந்து, இளந்துறவிகள் பயிலும் கூடமாயிற்று. விடுமுறை நாட்களில் நம்மையும் உள்ளே விடுகிறார்கள்.

நடை தளர்ந்த காலத்தில் வாப்பாவை அழைத்துப் போனேன். பர்மாத் தேக்குக் கூரை, நூலகம் எதிலும் அவர் மனம் நிற்கவில்லை. கற்சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்.

“இதச் செதுக்கினவங்கட பேர் எங்கயாச்சும் எழுதியிரிக்கா மகன்?”

தேடினேன். என் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய கடன் கொப்பியை எடுத்துத் தரச் சொன்னார். லயம் லயமாகப் பெயர்கள். ஒரு சதமும் இனி வராது. ஆனாலும் கொப்பியை எறிய விடவில்லை.