ஒரே ஊர், ஒரே அடுப்பு, நாலு நாடு!

தொப்பூர் கணவாயில் லாரிகள் கியர் மாற்றும் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரி வரை போகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் இறங்குகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்து, அரசுப் பள்ளியில் 31 வருஷம் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். ஊருக்கு அவர் வெறும் 'வாத்தியார்'. மனைவி, 'வாத்தியாரம்மா'.

வாத்தியாருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. ஒன்றே ஒன்றுதான்: கரும்பலகையில் சாக்பீஸால் எத்தனையோ தடவை வரைந்த ரைன் நதியை நேரில் பார்க்க வேண்டும்.

மகள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடிந்து, ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. ஒரு சுற்றுலா விளம்பரத் தாளை வாங்கி வந்தார். பன்னிரண்டு நாள், எட்டு நாடு. ராத்திரி சாப்பிட்ட பிறகு மனைவியிடம் நீட்டினார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரலைங்க."

பணத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தார். இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் வெளியே வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரு கோஷ்டியோடு காசி யாத்திரை போயிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. ஒவ்வோர் இடத்திலும் 'நாற்பது நிமிஷத்தில் வந்துடுங்க' என்பார்கள். அவர் படி இறங்கி நாலு அடி வைப்பதற்குள் முன்னால் போனவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை.

"நீங்க வந்து போட்டோ காட்டுனீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது நான் போன ஊருன்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

ஐந்து வருஷமாக அது அவருக்குத் தெரியாது. விளம்பரத் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

கோடை விடுமுறைக்கு சென்னையிலிருந்து வாத்தியாரின் தங்கை குடும்பம் வந்தது. எட்டு நாள் தங்கினார்கள். ஒரு நாள் ஒகேனக்கல், ஒரு நாள் மேட்டூர் அணை, ஒரு நாள் ஏற்காடு, ஒரு நாள் அதியமான்கோட்டை காலபைரவர். எங்கே போனாலும் ராத்திரி தொப்பூர் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் யாரும் எங்கேயும் போகவில்லை. அதனால் எதுவும் கெட்டுப்போகவும் இல்லை.

அவர்கள் பஸ் ஏறிய அன்று வாத்தியாரம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "ஏங்க, இதே மாதிரி அங்கேயும் ஒரு ஊர்ல வீடு எடுத்துத் தங்கிட்டு, பக்கத்து ஊரெல்லாம் பார்க்க முடியாதா?"

வாத்தியார் அன்றைக்கு ராத்திரியே அட்லஸை எடுத்தார்.

ஊர் தேர்ந்தெடுக்க நாலு நிபந்தனை எழுதினார்கள். ரைன் கரையில் இருக்க வேண்டும். நாலு பக்கமும் ரயில் ஓட வேண்டும். மேடு பள்ளம் கூடாது. சமையலறையோடு வீடு கிடைக்க வேண்டும். பாரிஸில் ரைன் இல்லை, வாடகையும் அதிகம். சுவிட்சர்லாந்து நகரங்களில் விலைவாசி கட்டுப்படியாகாது. கடைசியில் விரல் வந்து நின்ற இடம், பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மனியை ஒட்டியிருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்.

1871-ல் ஜெர்மனியிடம் போய், முதல் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸிடம் வந்து, 1940-ல் மறுபடி ஜெர்மனியிடம் போய், 1944-ல் மீட்கப்பட்ட ஊர் அது. இன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடுவதும் அங்கேதான். ஒரே கோபுரம் கொண்ட அதன் பேராலயம் 142 மீட்டர் உயரம். இருநூறு வருஷத்துக்கு மேல் உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. இதையெல்லாம் வாத்தியார் பாடம் நடத்துவதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தரை சமமா இருக்குமா?"

இருக்கும். தாழ்வான படி வைத்த டிராம் வண்டிகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. அதில் ஒன்று ரைனைத் தாண்டி ஜெர்மனியின் கெல் என்ற ஊருக்கே போகிறது. நடந்து கடக்க 2004-ல் கட்டிய பாலமும் இருக்கிறது. "பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடா?" என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

பிறகு ரயில் கணக்கு. கோல்மார் அரை மணி நேரம். சுவிட்சர்லாந்தின் பாசெல் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். பாரிஸ் அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் போல. அந்த ரயில் போய் நிற்கும் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதிக்கு நடந்தே போகலாம். இன்னொரு பக்கம் லக்சம்பர்க். 2020-லிருந்து அந்த நாட்டுக்குள் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே எல்லோருக்கும் இலவசம். "நம்ம டவுன் பஸ் மாதிரி! ஆனா அங்கே உங்களுக்கும் ஃப்ரீ!" என்று சிரித்தார் அம்மா.

பாரிஸ் போன்ற தூரப் பயணத்துக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் வாங்குவது என்று முடிவானது. அதிவேக ரயிலில் கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். பக்கத்து ஊர்களுக்கான உள்ளூர் ரயிலில் முன்பதிவு தேவையில்லை. காலையில் எழுந்து வானத்தையும் முழங்காலையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

விசா விஷயத்திலும் இந்தத் திட்டம் கை கொடுத்தது. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க் நாலும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டில் போய் இறங்கினாலும், தங்கப்போவது ஸ்ட்ராஸ்பர்க் என்பதால் பிரான்ஸ் விசாதான். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. இவர்கள் கேட்டது 28 நாள்.

இன்சுலினை லக்கேஜில் போடக் கூடாது, விமானத்தின் அடியில் குளிரில் உறைந்துபோகலாம். கைப்பையில் டாக்டரின் ஆங்கிலக் கடிதத்தோடு வைக்க வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகள் போனில் நாலு தடவை சொன்னாள். பருப்புப் பொடி, புளி, ரசப் பொடி போகலாம். நெய் போகாது, பால், இறைச்சிப் பொருள்களை வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும். "கறிவேப்பிலைக்கே பாஸ்போர்ட்டா?" என்று கேட்டுவிட்டு, அம்மா அதை உலர்த்திப் பொடித்துக்கொண்டார்.

ஊரில் கேட்காதவர்கள் இல்லை. "இந்தப் பணத்துக்கு எட்டு நாடு பார்த்திருக்கலாமே வாத்தியாரே?" உண்மைதான். ஒரு மாத வாடகையெல்லாம் சேர்த்தால் செலவு அந்தப் பேக்கேஜைவிடக் குறையவில்லை. ரோம் இல்லை, வெனிஸ் இல்லை. ரைன் அருவியையும் சேர்க்க அவருக்கு ஆசை. போகவே மூன்று மணி நேரம் ஆகும், ஒரே நாளில் போய்த் திரும்பினால் அம்மாவுக்கு முடியாது. அதற்காக ஒரே ஒரு ராத்திரி மட்டும் பாசெலில் தங்குவது என்று வைத்தார். அதையும் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தார்.

வாத்தியார் கேட்பவர்களிடம் விளக்கம் சொல்வதில்லை. "ரெண்டு பேரும் பார்க்கணும்ல" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

இப்போது தினமும் சாயங்காலம் இருவரும் அரை மணி நேரம் நடக்கிறார்கள். அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தால் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். கீழே லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும்.

சமையலறைச் சுவரில் 28 கட்டம் போட்ட தாள் தொங்குகிறது. ஒரு நாள் பயணம், மறுநாள் காலி. காலிக் கட்டங்களில் வாத்தியார் பென்சிலால் 'ஓய்வு' என்று எழுதியிருந்தார். அம்மா முதல் கட்டத்தில் அதை அடித்துவிட்டு, தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: 'துணி துவைக்கணும். சாயங்காலம் பாலம்.'