கோயில் நாட்காட்டியும் புகையானும்

"மானுடவியல் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள், ஐயா" என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் பாலித் தீவின் நெல்வயல்களைப் பற்றித்தான் சொல்வேன். பருவநிலை மாற்றம், நீடித்த வளர்ச்சி என்று இன்று மாவட்டந்தோறும் திட்டம் தீட்டுகிறார்கள். அந்தக் கூட்டங்களில் பொறியாளர் இருப்பார், வங்கிக்காரர் இருப்பார். ஊர்க்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து கேட்டறிந்தவர் மட்டும் இருக்கமாட்டார். அவர் இல்லாத குறையைப் பாலிக்காரர்கள் விளைச்சலில் அனுபவித்தார்கள்.

இந்தோனேசியாவின் பாலியில் மலைச்சரிவை வெட்டி, படிப்படியாக வயல் அமைத்திருக்கிறார்கள். ஒரு வாய்க்காலில் பாசனம் பெறும் விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை போட்டு, அதில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளத்தின் அகலம்தான் பங்கின் அளவு. யாராவது கூட்டினாலோ குறைத்தாலோ, போகிற வருகிறவர் கண்ணில் படாமல் போகாது. நீர் பிரியும் முக்கிய இடங்களில் கோயில்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பாத்தூர் எரிமலை ஏரியின் தெய்வமான தேவி தானுவுக்குப் பெரிய கோயில். எந்தப் பகுதி எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதைக் கோயிலில் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள்.

1970களில் பசுமைப் புரட்சி அங்கே போய்ச் சேர்ந்தது. குறுகிய கால ரகம், ரசாயன உரம், பூச்சிமருந்து, கூடவே ஓர் ஆணை: கோயில் நாட்காட்டியைப் பார்க்காதே, முடிந்தபோதெல்லாம் நடு. முதலில் விளைச்சல் கூடத்தான் செய்தது. பிறகு புகையான் என்ற பூச்சி வந்தது. அதை நம் டெல்டா விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் அப்பிக்கிடந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். மருந்து அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து சாகும். புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 36 ரகத்தைக் கொடுத்தார்கள். அதைத் துங்ரோ நோய் பிடித்தது.

அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், பூசாரிகளிடமும் விவசாயிகளிடமும் பேசிப் பேசி ஒன்றைக் கண்டுபிடித்தார். பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் தரிசு போட்டால், அந்த வட்டாரம் முழுவதும் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, செத்துப்போகும். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் ஆற்றில் தண்ணீர் பற்றாது. பூச்சிக்காக ஒன்றுசேர வேண்டும், தண்ணீருக்காக முறை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைத்தான் கோயில் நாட்காட்டி தீர்த்துவைத்தது. கடைமடைக்காரனுக்குத் தலைமடைக்காரன் ஏன் தண்ணீர் விடுகிறான் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கீழே இருப்பவன் தண்ணீரின்றி நேரம் தப்பி நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலே ஏறி வரும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

லான்சிங் அதோடு விடவில்லை. ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து, இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்தார். தனித்தனியாக நட்டால் பூச்சி, எல்லோரும் ஒன்றாக நட்டால் வறட்சி. கோயில்கள் வகுத்த அளவில் கூட்டுச் சேர்ந்தபோதுதான் விளைச்சல் உச்சம் தொட்டது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் பாலியின் பாசனத்தை 'நவீனப்படுத்த' வந்த திட்டக்காரர்கள் கோயிலை வெறும் சடங்கு என்று ஒதுக்கியவர்கள். பழைய முறையைப் புரிந்துகொள்ளாததால் வந்த நஷ்டத்தைப் பின்னாளில் வங்கியின் மதிப்பீட்டறிக்கையே ஒப்புக்கொண்டது. 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பிள்ளைகளே, இதைக் கேட்டுவிட்டுப் பழையது எல்லாமே நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த மயக்கத்துக்கு மருந்தாக மானுடவியலாளர் டேவிட் மோஸ் எழுதிய நூலைப் படியுங்கள். அவர் வந்து தங்கி ஆய்வு செய்தது நம் சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை. நூல் 2003இல் வெளிவந்தது. கண்மாய் முறை ஊர் ஒற்றுமையால் மட்டும் நடக்கவில்லை. அதற்குப் பின்னால் மன்னர், ஜமீன், சாதி, கோயில் மரியாதை எல்லாம் இருந்தன என்று அவர் காட்டுகிறார். இரவில் மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டி நடந்த நீர்பாய்ச்சிகளில் பலர் சொந்த நிலம் இல்லாத தலித்துகள். கண்மாய் நீரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது; ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்குப் பேச்சு இல்லை. மீட்க வேண்டியது அந்த அறிவை. அந்த அவமதிப்பையும் சேர்த்து மீட்டால், அது வளர்ச்சி ஆகாது.

அந்த அறிவு இன்று இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் குளங்கள் பல உடைந்தன. இனி இப்படிப்பட்ட மழை அடிக்கடி வரும் என்றுதான் அறிவியல் சொல்கிறது. கரையை உயர்த்தப் பணம் ஒதுக்குவார்கள், தூர்வார இயந்திரம் வரும், எல்லாம் தேவைதான். ஆனால் எந்தக் கலுங்கு முதலில் வழியும், எந்த ஓடை பட்டாவாகிப் போனது, போன முறை கரை எங்கே கசிந்தது என்பதெல்லாம் அந்தக் கரையில் நடந்த கால்களுக்குத்தான் தெரியும். அந்த மனிதர்கள் வயதாகிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே இந்த ஐப்பசிக்கு முன்னால் உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். நீர்பாய்ச்சியை, நடவுக்குப் போகும் பெண்களை, கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு அடுத்த திட்டம் வரும்போது அந்த நோட்டோடு கூட்டத்துக்குப் போங்கள். சொன்னவர்களையும் கூடவே அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.