கரையாத நஞ்சும் கண்காணா உயிரும்

மைசூருக்கு வரும் நம்மவர் பிருந்தாவனத்தையும் சாமுண்டி மலையையும் கண்டு களிக்கின்றனர். செலுவாம்பா மாளிகையைப் பேருந்திலிருந்து பார்ப்பதோடு சரி. 1950 முதல் அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நடைபெறுகிறது. அங்கே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி என் உள்ளத்தை ஈர்த்தது. மண்ணிலும் கழிவுநீரிலும் வாழும் பாக்டீரியாக் கூட்டத்தை, பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும்படி நெடுநாள் பழக்கி எடுத்திருக்கின்றனர்!

பி.எச்.சி. தூளை அறியாத உழவர் வீடு தஞ்சையில் உண்டோ? என் தாத்தா அதை வெறுங்கையால் நெல்லுக்குத் தூவியவர். மீந்த மூட்டைகளைக் கொல்லைக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். 1997இல் அரசு அதைத் தடை செய்தது. மூட்டைகள் அங்கேயே மக்கிச் சிந்தின.

விடுமுறையில் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். "அந்தக் கிருமியை ஒரு குடம் கொண்டுவந்து கொல்லையில் ஊற்றினால் போதுமா, தம்பி?" என்றார் அப்பா.

போதாது. பாக்டீரியாவுக்குப் பல் இல்லை; பெரும்பாலும் நீரில் கரைந்து வருவதையே அது உட்கொள்ளும். பி.எச்.சி.யின் ஒரு வடிவமான லிண்டேன் லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான் கரையும். பீட்டா என்னும் வடிவமோ அதனினும் குறைவாகவே கரையும். எளிதில் சிதையவும் சிதையாது. எஞ்சியவை மண்ணின் மக்கில் ஒட்டிக் கிடக்கும். பந்தியில் அமர்ந்தும் பரிமாறப்படாத விருந்தாளியின் பாடுதான் பாக்டீரியாவுக்கு!

கட்டியைப் பொடித்தால் சற்று விரைவாகக் கரையும். சவர்க்காரம் போன்ற பொருள்களும் துணை செய்யும். சில பாக்டீரியாக்கள் அவற்றைத் தாமே சுரக்கின்றன. ஆனால் அளவு மீறினால் அதே பொருள் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்துவிடும். சூடு, புளிப்புத்தன்மை, பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆகியவையும் பொருந்த வேண்டும். மைசூர்க் கூட்டத்துக்குக் காற்றும் வேண்டும். குடுவையைக் குலுக்கிக் காற்றூட்டலாம். கொல்லையைக் குலுக்குவது எப்படி?

காற்றில்லா இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் உண்டு. நீர் தேங்கிய வயல் மண்ணில் பி.எச்.சி. நுண்ணுயிர்களால் சிதைவதைப் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1967இல் வெளியிட்டனர். ஆகவே எனக்கு வயலைவிடக் கொட்டகையடி மேட்டு மண்ணே கவலை தருகிறது.

அந்த மண்ணைச் சோதிக்கும்வரை அங்கே கீரை விதைக்க வேண்டாம், கறவை மாட்டையும் கட்ட வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். இந்த நஞ்சு கொழுப்பில் சேர்ந்து பாலிலும் வரும்.